கேஸ் மாற்றிய நாள்கள்

ஆ செங் இரும்புக்கடை காலண்டரை
இன்று இறக்கிவிட்டேன்.
புதியதை இன்னும் தரவில்லை தவுக்கே மகன்.
சுவரில் ஆணி மட்டும்,
அதன் கீழே அழுக்குப்படாத ஒரு சதுரம்.

கேஸ் மாற்றிய தேதியைக் குறிக்கத்தான்
பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.
மற்றதெல்லாம்
கட்டத்தில் இடம் இருந்ததால்
ஏறிக்கொண்டவை.

ஜனவரி ஒன்பது. கேஸ்.
அதே கட்டத்தில் பொடி எழுத்தில், லீலா பிளேன்.
பெல்ஃபாஸ்ட் என்று எழுத வராமல்
'குளிர் ஊர்' என்று போட்டிருக்கிறேன்.
நர்ஸ் வேலை, மூன்று வருஷ ஒப்பந்தம்.
விமான நிலையத்தில் யாரும் அழவில்லை.
பெட்டி இரண்டு கிலோ கூடிப்போய்
எதை எடுப்பது என்ற தகராறிலேயே
நேரம் போய்விட்டது.
எலுமிச்சை ஊறுகாய்
என் மடியில் உட்கார்ந்து லாபிஸ் திரும்பியது.

பிப்ரவரி நான்கு, கேஸ். இருபத்தாறு நாள்.
அப்போது அது எனக்கு ஒரு கணக்காகத் தெரியவில்லை.

மே மாதம் சர்வின் மாசாயில் வீடு வாங்கினான்,
பதினொன்றாம் மாடி.
விடிகாலை நான்கு மணிக்கு மோட்டாரில் பாலம் தாண்டி
சிங்கப்பூர் போகிறவனுக்கு
லாபிஸ் தூரம்தான், நான் மறுக்கவில்லை.
பால் பொங்கி வழிந்ததும்
அடுப்பு தன்னைத்தானே அணைத்துக்கொண்டது.
"என்னடா சகுனம் இது?" என்றார் இவர்.
"இண்டக்‌ஷன்ப்பா."

ஜூலையில் நான்கு கட்டங்களுக்கு
குறுக்கே ஒரே கோடு: பிந்துலு.
அறுபது வயதில் இவருக்கு முதல் விமானம்.
சொந்த நாட்டுக்குள்ளேயே இறங்கி
முத்திரைக்கு வரிசையில் நின்றோம்.
தனேந்திரன் கட்டிக்கொண்ட பெண் ஈபான்காரி.
நீண்ட வீட்டின் நடையில்
பாய் விரித்து எங்களை உட்கார வைத்தார்கள்.
சம்பந்தியம்மாளுக்கும் எனக்கும்
நடுவில் மலாய் மட்டும்,
இரண்டு பேருக்கும் அது அரைகுறை.
அரிசியைப் பற்றிப் பேசினோம்.
அதற்குப் போதுமாக இருந்தது.
பெண்ணின் கழுத்தில் தாலி ஏறியபோது
ஒரு சேவல் கூவியது,
இவர் அதைக் கெட்டிமேளம் என்கிறார் இன்றுவரை.

ஜூலை முப்பத்தொன்று:
எதுவும் எழுதவில்லை. கட்டத்தில் ஒரு புள்ளி.
முப்பத்தெட்டு வருஷம்
செம்பனை மில்லில் பாய்லர் பார்த்தவருக்கு
சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.
மறுநாள் மில் சங்கு ஊதியதும் எழுந்து
சப்பாத்தை மாட்டிக்கொண்டு
வாசல் கேட்டைத் திறந்து
கொஞ்சம் நின்றார்.
அப்புறம் ரொட்டி சானாய் வாங்கிவந்தார்,
நான்கு பொட்டலம்.

ஜூன் இருபதில் மாற்றிய கேஸ்
ஆகஸ்ட் பதினெட்டுவரை வந்தது.
சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்த ரோஸ்லான்
தயங்கித் தயங்கிக் கேட்டான்:
"ஆன்ட்டி, இப்ப வேற கடையில எடுக்குறீங்களா?"
"இல்லப்பா, தீரமாட்டேங்குது" என்றேன்.
விலையில் ஒரு வெள்ளி குறைத்துக்கொண்டான்
எதற்கோ.

தீபாவளிக்குத் தனேனும் மருமகளும்,
ஒருநாள் லீவில் சர்வின்,
கைப்பேசிக்குள் கம்பளித் தொப்பியோடு லீலா.
முறுக்கு எண்ணெயில் வேகும்போதே
நீல நெருப்பு மஞ்சளாகி, சிறுத்து,
அணைந்தது.
மாவுக் கையோடு நான் சிரித்த சிரிப்பில்
மருமகள் பயந்துபோய்
புருஷன் முகத்தைப் பார்த்தாள்.
ரோஸ்லான் பண்டிகை நாளிலும் வந்தான்.
அந்தக் கட்டத்தில் பேனாவை
அழுத்தி எழுதியிருக்கிறேன்,
அடுத்த மாதத்துத் தாளிலும் தெரிகிறது.

இப்போது இவர் மருந்துக்கடை காலண்டரோடு
உள்ளே வருகிறார்.
படம் பெரிது, கட்டங்கள் சின்னவை.
ஆணியில் மாட்டிவிட்டு
அடுப்படிக்குப் போய்
சிலிண்டரை ஒருமுறை அசைத்துப் பார்க்கிறார்.
"இன்னும் பாதிக்குமேல இருக்கு" என்கிறார்,
நல்ல செய்தி சொல்கிற குரலில்.